கான் ஓரத்து நிரையைக் கேட்டவர்

வேலை கேட்டு வருகிறவர்கள் தமக்கு என்னென்ன தெரியும் என்று சொல்வார்கள். அவர் வந்து, நாற்காலியில் உட்காராமலே, தமக்கு ஆகாதவற்றைச் சொன்னார். ஐப்பசி மழை நான்காவது நாளாக விடாமல் பெய்த ஒரு வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணி. என் நாட்குறிப்பில் மழையும் மணியும் இருக்கின்றன. அவர் சொன்னதும் இருக்கிறது.

“மூணு வேலையை ஒண்ணாச் சொன்னீங்கன்னா கடைசியாச் சொன்னதைத்தான் செய்வேன் தொரை. மத்த ரெண்டும் போயிரும். ஒண்ணு சொன்னா அதை முடிச்சிட்டு வந்து அடுத்ததைக் கேட்பேன். உக்கார வச்சா நெனப்பு எங்கயாச்சும் போயிரும். நடக்க விட்டா நல்லா இருப்பேன்.”

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். “ஏம்மா, வேலை வேணும்னு வந்தீங்களா, வேண்டாம்னு சொல்லிட்டுப் போக வந்தீங்களா?”

“வேணும்னுதான். பொறவு தெரிஞ்சு நீங்க கோவிக்கிறதை விட முன்னமே தெரிஞ்சுகிட்டா ரெண்டு பேருக்கும் சுகந்தானே.”

“சரி, தெரிஞ்சது ஏதாச்சும் இருக்கா?”

“மூக்கு நல்ல மூக்கு தொரை. சிலோன்ல ஃபேக்டரிக்குள்ளாறயே வளந்தவ. தூளு பதமாகுற வாசம் எனக்கு விளங்கும்.”

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகிற சாலையில், சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித் தூளாக்கும் ஒரு தனியார் ஆலை அது. நான் அங்கே எழுத்தர். பச்சைக் கொழுந்தின் விலை விழத் தொடங்கி இரண்டாவது வருடம். எங்கள் ஆட்கள் பாதிப்பேர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு இறங்கிவிட்டார்கள். பெர்மென்டிங் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் அப்படிப் போனவர்தான். அரைத்த கொழுந்தைச் சிமெண்டுத் தரையில் பாத்தி பாத்தியாகப் பரப்பி, ஈரக் காற்றில் செம்பு நிறமாகச் சிவக்க விடும் அறை அது. ஒவ்வொரு பாத்தியையும் பரப்பி ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் அள்ளி டிரையருக்கு அனுப்பிவிட வேண்டும். முன்னால் எடுத்தால் பச்சை வாடை, பின்னால் எடுத்தால் சாயம் கறுத்து உயிரில்லாத தூள்.

தூள் தயாரிப்பு முழுவதற்கும் பொறுப்பான டீமேக்கர் அவரை அந்த அறைக்கு அழைத்துப் போனார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், யாரையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவர். ஐந்து பாத்திகள் கிடந்தன. “எதை எடுக்கறதுங்க இப்ப?” என்றார், சோதிக்கிற குரலில். இந்த அம்மா குனிந்துகூடப் பார்க்கவில்லை. பாத்திகளுக்கு நடுவே ஒருமுறை நடந்து வந்தார். “ரெண்டாவதை எடுங்க. கடைசியில கெடக்குறது போயிருச்சு ஐயா, அதைக் கேட்காதீங்க.”

கடைசிப் பாத்தி டீமேக்கரின் கவனப்பிசகு. அவர் கூட வந்திருந்த என்னிடம் திரும்பி, “பேரை எழுதிக்குங்க” என்றார்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டுவிட்டு எழுதலாம் என்றால், இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. ஆலையில் எல்லோருக்கும் அவர் அக்கா. மேனேஜரைத் துரை என்றும் என்னைக் கிளாக்கர் ஐயா என்றும் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். சிறுமியாகக் கப்பலேறி வந்தபோது கூடவே வந்த சொற்கள்.

அவர் ஒரு பேச்சை டிரையருக்குப் பக்கத்தில் தொடங்கினால் கொழுந்து வாட்டும் மாடியில் போய்த்தான் முடிப்பார். கேட்கிறவர் கூடவே நடக்க வேண்டும். சால்வையை ஒரு ஆணியில் மாட்டிவிட்டு இன்னொரு ஆணியில் தேடுவார். டீ குடித்த தம்ளர்களை நாங்கள் ஜன்னல் விளிம்பிலும் எடைத்தட்டிலும் கண்டெடுத்திருக்கிறோம். ஒருமுறை என் முத்திரை மைப்பெட்டிக்குப் பின்னாலும். இப்படிப்பட்டவர்கள் ஊரில் நிறையப்பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒளித்துக்கொள்வார்கள், அல்லது நாளெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை. தமக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கரண்டி வேண்டும் என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

பேருந்தில் ஏறியதும் நடத்துநரிடம் சொல்லிவிடுவார்: “என் ஸ்டாப்பு வந்தா சத்தமாக் கூப்பிடுங்க தம்பி. நானா எறங்க மாட்டேன்.”

“ஏனுங்கக்கா, தூங்கிருவீங்களா?”

“முழிச்சுகிட்டேதான் இருப்பேன். ஆனா எறங்க மாட்டேன்.”

நடத்துநர்களுக்கு இது பழகி, “நெனப்பு ஸ்டாப்பு எறங்குங்கோவ்!” என்று கத்துவார்கள். பேருந்தே சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே இறங்குவார். ஒரு மாசி மாத சனிக்கிழமை புது நடத்துநர் ஒருவர் கூப்பிட மறந்து, அவர் மேட்டுப்பாளையம் வரை போய்விட்டார். திங்கட்கிழமை நான் பரிவோடு விசாரித்தேன். “எனக்கென்ன ஐயா, யானை பாத்துட்டு வந்தேன். பாவம், அந்தத் தம்பிதான் பயந்துபோச்சு. அடுத்த வாட்டி டிக்கெட்டுக்குப் பின்னாலயே ஸ்டாப்பு பேரை எழுதிக் கையில வச்சுக்கப்பான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்” என்றார்.

ஆலைக்கு வருமுன் கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடுத்திருக்கிறார். அங்கே நடந்ததை அவரே ஒரு மதிய உணவு வேளையில், சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடி சொன்னார். கொழுந்து எடுக்கும் பெண்கள் ஆளுக்கொரு வரிசைச் செடி பிடித்துக்கொண்டு மேடேறுவார்கள். அதற்கு நிரை என்று பெயர். அடுத்தவள் நிரையில் கை வைப்பது திருட்டுக்குச் சமம். அதற்காகக் கூடையை வீசிச் சண்டை போட்ட கதைகள் உண்டு. இவருடைய கையோ, நல்ல கொழுந்து எங்கே கண்ணில் பட்டாலும் அங்கே போய்விடும். சொந்த நிரையில் பாதிச் செடி அப்படியே நிற்கும், பக்கத்து நிரையில் இரண்டு செடி மொட்டையாகியிருக்கும்.

“எடப்பக்கத்துக்காரி ஏசுவா, வலப்பக்கத்துக்காரி ஏசுவா. நான் யோசிச்சேன். கங்காணிகிட்ட போய், எனக்குக் கான் ஓரத்து நிரையைக் குடுங்கன்னு கேட்டேன்.” மழைத்தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்காலை அவர்கள் கான் என்பார்கள். “ஒரு பக்கம் கான். அதுல எடுக்க ஒண்ணுமில்ல. அப்போ ஒருத்திகிட்ட மட்டுந்தானே ஏச்சு வாங்கணும்? பாதி கொறஞ்சு போச்சுல்ல!”

கங்காணி சிரித்திருக்கிறார். கான் ஓரம் வயசான பெண்களுக்கு, மேடு குறைவு என்பதால். இவருக்கு அப்போது இருபத்திரண்டு. “கெழவியாகுற வரைக்கும் பொறுத்துக்கன்னாரு. அதுக்குள்ள எத்தனை சண்டை நடக்கும்னு நீங்களே சொல்லுங்கன்னேன். மூணு நாள் போய்க் கேட்டேன். நாலாம் நாள் குடுத்துட்டாரு.”

“கோவப்பட்டுக் குடுத்தாரா, புரிஞ்சுகிட்டுக் குடுத்தாரா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் நான் பாக்கல ஐயா. நிரை கெடைச்சுது.”

ஆலை வேலையை விட்ட பின், கோயம்புத்தூரில் பழைய புத்தகக் கடை ஒன்றில் மனநல மருத்துவம் பற்றிய ஒரு நூலை வாங்கிப் படித்தேன். கவனக் குறைவு என்று தலைப்பிட்டு, அவரைப் பார்த்து எழுதிய மாதிரியே ஒரு அத்தியாயம் அதில் இருந்தது. அங்குமிங்கும் அலையும் கால், பாதியில் நிற்கும் பேச்சு, பிடித்த ஒன்றில் விழுந்தால் உலகமே மறைந்துபோவது, எல்லாம். மருத்துவர் பார்க்காத ஒருவருக்கு மருத்துவப் பெயரைச் சூட்ட எனக்கு உரிமை கிடையாது. அந்த அத்தியாயத்தின் கடைசியில், வேலை செய்யும் இடத்தில் செய்து தரவேண்டிய மாற்றங்கள் என்று ஒரு பக்கம் இருந்தது. அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அதில் பாதிக்கு மேல் எனக்கு முன்பே தெரியும். அவர் சொல்ல, என் கையாலேயே ஒரு கடிதமாகத் தட்டச்சு செய்திருக்கிறேன்.

அந்தக் கடிதம் பிறந்தது தை மாதத்தில், உறைபனி விழுந்த ஒரு புதன்கிழமை.

பெர்மென்டிங் ரூமின் சுவரோரமாகக் கழுவுநீர் ஓடும் சிறு கான் ஒன்று உண்டு. அன்று காலை அதில் பச்சையாய் ஏதோ படிந்திருந்தது அவர் கண்ணில் பட்டது. தென்னந்துடைப்பத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்தது வெளுக்க வெளுக்க, அடுத்த அடி, அதற்கடுத்த அடி. டீமேக்கர் உள்ளே வந்தபோது கான் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. பின்னால் மூன்று பாத்திகள் கறுத்துக் கிடந்தன.

“கானைக் கழுவச் சொன்னது யாருங்க?” அவர் போட்ட சத்தம் என் மேசைவரை கேட்டது.

“யாரும் சொல்லல ஐயா. கண்ணுல பட்டுச்சு.”

“அம்மாம் பெரிய பாத்தி மூணு கெடக்குதே, அது கண்ணுல படலீங்களா?”

“படல. தப்பு என்னுதுதான். மூணும் என்னாலதான் செத்துச்சு. இனிமே சாகாம இருக்க எனக்கு என்ன வேணும்னு சொல்றேன், கேட்கிறீங்களா?”

“தூளைக் கெடுத்துப்போட்டு, வேணும்னு வேற கேக்கறீங்களாக்கும்!”

நாட்கள் நன்றாக இருந்திருந்தால் இது திட்டோடு முடிந்திருக்கும். அப்போது ஆலை வாரத்தில் நான்கு நாள்தான் ஓடியது. எங்கள் தூள் ஏலத்துக்குப் போய், கேட்பாரில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது. முதலாளி கோயம்புத்தூரிலிருந்து, ஐந்து பேரை நிறுத்தச் சொல்லித் தகவல் அனுப்பியிருந்தார். யார் யார் என்ற பட்டியலை மேனேஜர் தயார் செய்ய வேண்டும். அன்று மதியம் டீமேக்கர் வந்து முதல் பெயரைச் சொன்னார். நான் பென்சிலால் எழுதிக்கொண்டேன். பேனாவால் எழுத மனம் வரவில்லை.

சாயங்காலம் அக்கா என் மேசைக்கு வந்தார். பட்டியலில் தம் பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். ஆலையில் அதெல்லாம் அரை மணி நேரத்துக்கு மேல் ரகசியமாய் இருக்காது. “ஒரு கடுதாசி அடிச்சுத் தாங்க கிளாக்கர் ஐயா. நான் சொல்லச் சொல்ல அடிங்க. சுருக்காச் சொல்லிடுறேன், பாதியில மறந்துருவேன்.”

மேசையைச் சுற்றி நடந்துகொண்டே சொன்னார். அப்போது ஆபீஸ் சுவரில் ஒரே ஒரு கரும்பலகை இருந்தது. மேனேஜர் தம் நாற்காலியிலிருந்து பார்ப்பதற்காக, எந்தப் பாத்தி எத்தனை மணிக்குப் பரப்பியது என்று அதில் எழுதுவார்கள். அக்கா கேட்டது, பாத்திக்கு ஒரு சிலேட்டு, பாத்திக்குள்ளேயே நிற்க வேண்டும். அதில் பரப்பிய நேரத்தை எழுதாமல் எடுக்க வேண்டிய நேரத்தை எழுத வேண்டும். “பரப்புன நேரத்தைப் பாத்து, மனசுல கூட்டி, எடுக்குற நேரம் இன்னதுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் என் நெனப்பு நிக்காது.” காவலுக்கு உட்கார்ந்திருக்க அந்த அறையில் போட்டிருந்த ஸ்டூலை எடுத்துவிட வேண்டும். பாத்தி கிடக்கும்போது அவரை வேறு வேலைக்குக் கூப்பிடுவதானால், பதிலுக்கு ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் கூப்பிட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் சொல்ல வேண்டும்.

“இதோட, தங்கள் கருணையை எதிர்பார்க்கிறேன்னு சேக்கட்டுமாங்க?” என்றேன். விண்ணப்பங்களில் அது வழக்கம்.

“எதுக்கு? சிலேட்டைத்தானே எதிர்பாக்குறேன்.”

மேனேஜர் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மேலேயிருந்து வரும் உத்தரவுக்கும் கீழேயிருந்து வரும் முகங்களுக்கும் நடுவில் களைத்துப் போயிருந்தார்.

“எல்லாருக்கும் ஒரே சட்டந்தான் இங்கே. உங்களுக்கு இப்படிச் செஞ்சா நாளைக்கு ஒவ்வொருத்தரா வந்து கேப்பாங்க.”

“கேட்கட்டுமே தொரை. கேட்டாத்தானே யாருக்கு என்ன வேணும்னு உங்களுக்குத் தெரியும்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். “பதினஞ்சு நாள். அதுவரைக்கும் பட்டியலை அனுப்பாம வச்சிருக்கேன். ஒரு பாத்தி போச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

சிலேட்டுகள் மூன்றாம் நாள் வந்தன, அன்றே கைவிட்டன. அந்த அறையில் எப்போதும் ஈரப்புகை ஓடிக்கொண்டிருக்கும், தூள் காயாமல் சிவப்பதற்காக. எழுதிய சாக்பீஸ் பத்து நிமிடத்தில் கண்ணீராக வழிந்தது. அவர் தப்பாமல் எடுத்துவிட்டார். ஆனால் அன்று முழுவதும் ஒவ்வொரு சிலேட்டாகத் துடைத்துத் துடைத்து எழுதி, மாலையில் முகம் வெளுத்துப் போயிருந்தது. மறுநாள் காலை நேராக மேனேஜரிடம் போனார்.

“இன்னும் என்னம்மா?”

“சிலேட்டு சரியில்ல தொரை. பழைய டீப் பெட்டிப் பலகை கொடவுன்ல சும்மா கெடக்கு. அதை வட்டமா அறுத்து, கடிகாரம் மாதிரி எண்ணு போட்டு, திருப்புற மாதிரி ஒரே ஒரு தகர முள்ளு வச்சுக் குடுங்க. எடுக்க வேண்டிய நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வச்சுருவேன். பெயிண்டு அழியாது.”

நானாக இருந்தால் முதலில் கேட்டது பிசகிய பிறகு இரண்டாவதைக் கேட்க நாக்கு எழுந்திருக்காது. அவருக்கு அது ஒரு தடையாகவே தோன்றவில்லை. பக்கத்தில் நின்றிருந்த டீமேக்கருக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க மேனேஜர், இந்தம்மாவுக்குக் கடிகாரம் செஞ்சு செஞ்சு குடுக்கறதுக்கு, பேசாம ஒரு கடிகாரத்தையே வேலைக்கு வச்சுக்கலாமுங்களே!”

“கடிகாரத்துக்கு மூக்கு இல்லையே ஐயா” என்றார் அவர்.

மேனேஜர் சிரித்துவிட்டார். தச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எட்டுப் பலகைகள், வெள்ளை வட்டம், கறுப்பு எண், சிவப்பு முள். பாத்திக்கு ஒன்றாக நின்றன. அவர் நடந்துகொண்டே இருப்பார், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம் அவரைப் பார்த்து நேரம் சொல்லும். நேரம் நெருங்கிய பாத்தியில்தான் மூக்கைக் கொண்டுபோவார். பனி நாளில் பத்து நிமிடம் கூடுதலாக விடுவார், வெயில் நாளில் குறைப்பார். அதற்குத்தான் அவர் வேண்டும். பதினைந்து நாளில் ஒரு பாத்தியும் சாகவில்லை. குன்னூர் ஏலத் தரகரிடமிருந்து, தூள் சுவை இப்போது சீராக வருகிறது என்று ஒரு வரிக் குறிப்பு வந்தது. அந்த வரியை நாட்குறிப்பில் அப்படியே எழுதி வைத்தேன். அந்த வருடத்தில் எங்களுக்கு வந்த ஒரே நல்ல வரி அது.

பட்டியலிலிருந்து அவர் பெயரை மேனேஜர் அடித்தார். அந்த இடத்தில் வேறு பெயர் எழுத மறுத்து, நான்கு பேரோடு அனுப்பினார். அந்த நான்கு பேர் போனதும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அதைப் பற்றி அக்கா ஒரே ஒரு தடவை பேசினார்: “அவங்களும் வந்து ஏதாச்சும் கேட்டிருக்கலாம் ஐயா. என்ன கேட்கலாம்னுகூட யாரும் சொல்லிக் குடுக்கலையே.”

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த அன்று, அவர் மறுபடி என் மேசைக்கு வந்தார். இந்தப் பலகைகள் தாம் கேட்டதன் பேரில், தம் வேலைக்காக வைக்கப்பட்டவை என்று எழுதி, மேனேஜர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்றார்.

“அதான் வச்சாச்சே, எழுத்து எதுக்கு?” என்றார் மேனேஜர். “நல்ல ஏற்பாடு. ஃபேக்டரி ஏற்பாடாவே இருக்கட்டும். உங்க பேரு எதுக்கும்மா இதுல?”

“நல்ல ஏற்பாடுன்னு வச்சா, அடுத்து வர்ற தொரைக்கு வேற நல்ல ஏற்பாடு தோணும். எனக்கு வேணும்னு வச்சாத்தான், எடுக்கிறப்ப என்னைக் கேட்கணும்னு இருக்கும்.”

மேனேஜர் யோசிக்கிறேன் என்றார். நான் அக்காவை வெளியே, கொழுந்து மூட்டை இறக்கும் மேடைவரை அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன். “அக்கா, இது வேண்டாமுங்க. இந்த மாதிரிக் காலத்துல, இன்னாருக்கு இன்ன குறை இருக்குன்னு ஃபைல்ல ஒரு காயிதம் இருந்தா, அடுத்த பட்டியல்ல மொதப் பேரு உங்க பேருதான்.”

“இந்தப் பட்டியல்ல?”

“அதுல…”

“காயிதம் இல்லாமலே மொதப் பேரு நான்தானே ஐயா?”

உள்ளே போய்த் தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகினேன். பலகைகளையும் மற்ற மூன்று ஏற்பாடுகளையும் எழுதி, இவற்றை மாற்றுவதானால் இவரைக் கேட்ட பிறகே மாற்ற வேண்டும் என்று முடித்தேன். மேனேஜர் இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எட்டு மாதம் கழித்து அந்த மேனேஜர் போய்ப் புதியவர் வந்தார். சமவெளியிலிருந்து, இளைஞர், வேகமானவர். முதல் திங்கட்கிழமை ஆலையைச் சுற்றிப் பார்த்தார். கையில் தோல்பை. அதற்குள் இன்னும் மூன்று பேரை நிறுத்தச் சொல்லும் உத்தரவு இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த அந்தக் கடிதத்தைப் பிரித்தவன் நான்தான். டீமேக்கரும் நானும் பின்னால் போனோம். பெர்மென்டிங் ரூம் வாசலில் புதிய மேனேஜர் நின்றார்.

“என்ன இது, பொம்மைக் கடையாட்டம்? எல்லாத்தையும் எடுத்துருங்க. போர்டு ஒண்ணு போதும்.”

அக்கா பாத்திகளுக்கு நடுவிலிருந்து வந்தார். “எடுக்குறதுக்கு முன்னாடி என்னைக் கேட்கணும் தொரை. கிளாக்கர் ஐயாகிட்ட கடுதாசி இருக்கு.”

கடிதம் என் கையிலேயே இருந்தது. காலையிலேயே ஃபைலிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். மேனேஜர் வாங்கிப் படித்தார், இரண்டாம் முறையும் படித்தார்.

“சரி, கேக்கறேன். எடுத்துட்டா என்ன ஆகும்?”

“எடுத்த அன்னைக்கு ஒண்ணும் ஆகாது. மூணாம் நாளோ பத்தாம் நாளோ பாத்தி சாகும். எந்த நாளுன்னு எனக்கே தெரியாது.”

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள்.

“அப்படி ஒரு ஆளை இந்த நெலமைல எதுக்குங்க வச்சுக்கணும்?”

“பதமா எடுக்கிறதுக்கு. இந்தப் பலகை வந்த பொறவு ஒரு பாத்தியாச்சும் செத்திருக்கான்னு டீமேக்கர் ஐயாவைக் கேளுங்க.”

மேனேஜர் தமக்கு இடப்பக்கம் நின்றிருந்த டீமேக்கரிடம், “செத்திருக்குதுங்களா?” என்றார். டீமேக்கர் பாத்திகளைப் பார்த்தபடி பேசாமல் நின்றார். மேனேஜர் மறுபடி கேட்டார். அப்போதும் பதில் இல்லை. பழைய வன்மம், காலம் பார்த்துக் கழுத்தறுக்கிறார் என்று நான் பல்லைக் கடித்தேன். மேனேஜரின் முகமும் மாறிக்கொண்டிருந்தது.

அக்கா டீமேக்கரைச் சுற்றிக்கொண்டு அவருடைய இடது பக்கம் போய் நின்றார். “பலகை வந்த பொறவு பாத்தி ஏதாச்சும் செத்துச்சான்னு தொரை கேட்கிறாங்க ஐயா.”

டீமேக்கர் திடுக்கிட்டுத் திரும்பினார். “ஒண்ணு கூட இல்லீங்க. நான் பாத்த வரைக்கும் இந்த ரூமுல இப்படி ஒரு ஆளு வேலை பாத்ததில்லீங்க.”

“ரெண்டு தடவை கேட்டேனே, ஏன் சொல்லலை?”

பக்கத்தில் அரவை இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. டீமேக்கர் அக்காவைப் பார்த்தார். எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிற பார்வை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட. தோல்பைக்குள் என்ன இருக்கிறது என்று டீமேக்கருக்கும் தெரியும்.

“எனக்கு வலது காது கேக்காதுங்க,” என்றார் கடைசியில். “நாலு வருசமாச்சு. இந்த மெஷின் சத்தந்தான்.”

புதிய மேனேஜர் இதை எதிர்பார்க்கவில்லை. கடிதத்தை என்னிடம் திருப்பித் தந்தார். “பலகை இருக்கட்டும். அந்தம்மாவும் இருக்கட்டும்,” என்றார். பிறகு டீமேக்கரின் மறுபக்கம் நகர்ந்து நின்று, சற்றுத் தயங்கி, “உங்களுக்கு என்ன செய்யணுங்க?” என்றார்.

இருபத்தேழு வருடம் எல்லோருக்கும் உத்தரவு போட்டே பழகிய மனிதர். உதவி கேட்பது போல அக்கா இருந்த பக்கம் திரும்பினார்.

அங்கே அவர் இல்லை. மூன்றாம் பாத்தியின் முகத்தில் சிவப்பு முள் காட்டிய நேரம் வந்திருந்தது. பாத்திகளுக்கு நடுவே வேகமாக நடந்துபோய், குனிந்து ஒரு கை தூளை முகர்ந்துவிட்டு, “மூணாவதை எடுங்க!” என்று கத்தினார்.

டீமேக்கர் மேனேஜர் பக்கம் திரும்பினார். “மெஷினு நிக்கறப்ப மணி அடிக்கறாங்களேங்க,” என்று ஆரம்பித்தார். “அதோட ஒரு லைட்டும் எரியோணும்.”

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.